ஹாலிவுட்டின் ஆரம்ப காலத் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் படிப்பதென்றால் யாரைப் படிக்கலாம்?

என்னைக் கேட்டால் பிரான்சஸ் மரியன். 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பேசாப் படக் காலத்தில் எழுத ஆரம்பித்து, பேசும் படம் வந்து பல பேரின் பிழைப்பு போனபோதும் தாக்குப்பிடித்து, நூறு படங்களுக்கு மேல் எழுதியவர்.

இவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், யார் நடிக்கப்போகிறார் என்று பார்த்து அந்த ஆளுக்காகவே எழுதியது. 1917இல் வந்த 'தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்' படத்தில் 24 வயது மேரி பிக்ஃபோர்டைச் சிறுமியாக நடிக்க வைத்தார்கள். போட்டுப் பார்த்த கம்பெனிக்காரர்களுக்குச் சிரிப்பே வரவில்லை, படம் தேறாது என்று முடிவு கட்டினார்கள். தியேட்டரில் கூட்டம் அள்ளியது. அதன்பின் பிக்ஃபோர்டுக்குத் தொடர்ந்து எழுதியது மரியன்தான்.

இதைவிடப் பெரிய கதை மேரி டிரெஸ்லருடையது. ஒருகாலத்தில் மேடையில் கொடிகட்டிப் பறந்த நடிகை. 1920களில் ஐம்பது வயதைத் தாண்டி, வாய்ப்பில்லாமல் இருந்தார். பழைய சிநேகிதியான மரியன், எம்ஜிஎம் என்ற பெரிய ஸ்டூடியோவில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த இர்விங் தால்பெர்க்கிடம் பேசி அவரை உள்ளே கொண்டுவந்தார். மரியன் எழுதி 1930இல் வந்த 'மின் அண்ட் பில்' டிரெஸ்லருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அழகும் இளமையும் இல்லாமல் சினிமா ஓடாது என்று நம்பிய ஊரில், துறைமுகத்து விடுதி நடத்தும் முரட்டுக் கிழவியைக் கதாநாயகியாக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதே ஆண்டு 'தி பிக் ஹவுஸ்'. சிறைக் கதை என்பதால் சான் குவென்டின் சிறைக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதினார். எழுத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் ஆனது இந்தப் படத்தால்தான். அடுத்து 'தி சாம்ப்' கதைக்கு இரண்டாவது ஆஸ்கர். அதில் நடித்த வாலஸ் பீரிக்கும் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, ஃபிரெட்ரிக் மார்ச்சுடன் பங்கு போட்டு. சோகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பிழிந்த படம் அது என்பது என் எண்ணம். ஆனால் பீரியின் முரட்டு முகத்துக்கு ஏற்ற வேடம், அதில் சந்தேகமில்லை.

கணவர் ஃபிரெட் தாம்சன் கௌபாய் படங்களின் நாயகன். அவருக்கும் எழுதினார், ஃபிராங்க் கிளிஃப்டன் என்ற ஆண் பெயரில்! 1928இல் தாம்சன் இறந்தபோது இரண்டு சிறு பையன்கள். மரியனின் இரண்டு ஆஸ்கரும் அதற்குப் பிறகு வந்தவை.

1940களில் ஸ்டூடியோவை விட்டு விலகினார். 1972இல் சுயசரிதை வந்தது, அடுத்த ஆண்டு காலமானார். படம் பார்த்து ஆரம்பிப்பதென்றால் 'மின் அண்ட் பில்' பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அப்புறம், பேசாப் படத்தில் பொறுமை இருந்தால், லிலியன் கிஷ் நடித்த 'தி விண்ட்'. அதுவும் இவர் எழுதியதே.