சிவிதா தி பன்யோரேஜோ: பொனவெந்தூரா வீடு எங்கே போனது?

இத்தாலியில் குன்றின் மேல் இருக்கும் சிவிதா என்ற சிற்றூருக்குப் போய், வரைபடத்தில் குறி இருந்தும், இடைக்காலக் கத்தோலிக்கத் துறவியான புனித பொனவெந்தூரா பிறந்த வீடு கண்ணில் படவில்லை என்றீர்கள். நீங்கள் வழி தவறவில்லை, வீடுதான் இல்லை; எப்போதோ பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது.

காரணம் மண். மேலே எரிமலைக் கல், அடியில் களிமண், மழை அதை அரிக்க அரிக்க ஊரின் விளிம்பு துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது, போதாக்குறைக்கு 1695 நிலநடுக்கம் வேறு, அதற்குப் பிறகுதான் ஆயரே பக்கத்து ஊரான பன்யோரேஜோவுக்கு இடம் மாறினார்.

அடுத்த முறை வீட்டை விட்டுவிட்டு நினைவுப் பலகையைத் தேடுங்கள். அப்புறம், ஊரின் நுழைவாயிலான சாந்தா மரியா வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்புச் சுவர் நிற்கும், அதன் ஜன்னலுக்குப் பின்னால் அறை கிடையாது, வெறும் வானம்தான். எனக்கு வீட்டைவிட அதுதான் பிடிக்கும்.

ஒன்று மட்டும்: கார் போகாது. 1965இல் கட்டிய நடைபாலத்தில் ஏற வேண்டும், கடைசி ஏற்றம் மூச்சு வாங்கும், நுழைவுக் கட்டணமும் உண்டு.