பட்டாளத்துக்காரர்கள் கட்சி ஆரம்பித்தால் தேறுமா?

கேள்வி: முன்னாள் படைவீரர்களுக்கென்று தனிக் கட்சி தொடங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஓட்டு விழுமா?

கட்டுக்காசு போய்விடும். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அரூர் பக்கம் மரவள்ளி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஆசை இல்லாமல் சொல்லவில்லை.

கட்சியைப் பதிவு செய்வது சுலபம். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். நூறு வாக்காளர்கள் உறுப்பினராக இருந்தால் போதும், கட்டணம் 10,000 ரூபாய். எங்கள் ஆட்களில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்திலேயே அந்த நூறு பேர் தேறிவிடுவார்கள். அதற்கு அப்புறம்தான் கஷ்டம். அங்கீகாரம் பெற்ற பெரிய கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், நமக்குப் பத்துப் பேர் வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்கு டெபாசிட் 10,000. அதைத் திரும்ப வாங்க, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஒரு தொகுதியில் 1,80,000 ஓட்டு விழுகிறது என்று வையுங்கள், 30,000 தாண்ட வேண்டும். ஓய்வு பெற்றவர்கள், மனைவி, மச்சான் என்று எல்லாரையும் கூட்டிப் பார்த்தாலும் கிட்டே வராது. இப்போது சர்வீஸில் இருக்கும் பையன்கள் தபாலில் ஓட்டுப் போடலாம், ஆனால் கட்சியில் சேரவோ பிரசாரம் செய்யவோ கூடாது. தேர்தலில் நிற்காமல் பெயரை மட்டும் வைத்திருக்கலாம் என்றாலும் நடக்காது. ஆறு வருஷம் எதிலும் போட்டியிடாத 334 கட்சிகளைத் தேர்தல் ஆணையம் 2025 ஆகஸ்டில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கணக்கை விடுங்கள். எங்கள் பிரச்சினை ஊருக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை, அதுதான் விஷயம். ஒருநாள் டீக்கடையில் ஒரு சுபேதார் அண்ணன் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் (எப்போது ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே பதவி, ஒரே சேவைக் காலத்துக்கு ஒரே ஓய்வூதியம்) பற்றி அரை மணி நேரம் விளக்கினார். 2014 ஜூலை 1 முதல் அமல், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திருத்தம், 2015 நவம்பரில் உத்தரவு வந்த பிறகு தானாகக் கேட்டு முன்கூட்டியே வெளியே வந்தவர்களுக்குக் கிடையாது. எல்லாம் கேட்டுவிட்டு கடைக்காரர், "அண்ணா, எங்க தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணி எப்பண்ணா வரும்?" என்றார். அண்ணனிடம் பதில் இல்லை. டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.

அந்த ஓய்வூதியமே கட்சி வைத்து வாங்கியதல்ல. 2015 ஜூனில் முன்னாள் படைவீரர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், செப்டம்பர் 5-ல் அரசு அறிவித்தது. கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை, அது வேறு கதை. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே.சிங்கே தனிக் கட்சி தொடங்கவில்லை, 2014-ல் பாஜகவில் நின்றுதான் காசியாபாத்தில் ஜெயித்தார்.

நிற்கத்தான் வேண்டும் என்றால் ஊராட்சித் தலைவருக்கு நிற்கலாம். அதில் கட்சிச் சின்னமே கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. சுபேதார் அண்ணனிடமும் இதைத்தான் சொன்னேன். எல்லையில் யாருக்கும் பயப்படாத மனுஷன், "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.