இங்கிலாந்தில் கிடைக்கும் பிராம்லி ஆப்பிளை அப்படியே கடித்துச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், விஷமொன்றும் இல்லை. ஆனால் இரண்டாவது கடி கடிக்க மாட்டீர்கள்.

இங்கே வந்த புதிதில், பச்சைப்பசேலென்று கை கொள்ளாத அளவில் இருக்கிறதே என்று ஒரு கிலோ வாங்கிவிட்டேன். சற்றுத் தட்டையாக, கோணல்மாணலாக இருந்தது. வெயில் பட்ட பக்கம் மட்டும் சிவப்புக் கீற்று. ஒரே கடியில் பல் கூசிப்போனது. பையில் 'சமையலுக்கு' என்று போட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

சமைத்தால் அதன் குணமே வேறு. தோல் சீவி நறுக்கி, இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள். சில நிமிடங்களில் துண்டுகள் பஞ்சு போலப் பொங்கிக் குழைந்துவிடும். சாதாரண ஆப்பிள் துண்டு துண்டாகவே நிற்கும், சூடு பட்டால் சுவையும் மங்கிவிடும். பிராம்லியில் புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. அதனால் சர்க்கரை கொட்டிச் சமைத்தாலும் ஆப்பிள் வாசம் தூக்கலாகவே நிற்கும். ஆங்கிலேயர்கள் பை (pie - மாவுக்குள் பழம் வைத்துச் சுடுவது), கிரம்பிள் (பழத்தின்மேல் உதிரி மாவு தூவிச் சுடுவது) என்றால் இதைத் தேடுவது அதனால்தான்.

1809-இல் நாட்டிங்ஹம்ஷயரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபர்ட் என்ற இளம்பெண் ஊன்றிய விதையில் வந்த மரம் இது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்ற கசாப்புக்கடைக்காரர். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டபோது, "என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள்" என்றாராம். விதை ஊன்றியவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் இன்னொருவர்! தாய்மரம் 1900-இல் புயலில் சாய்ந்தும், விழுந்த இடத்திலிருந்தே மறுபடி தழைத்தது.

தோட்டத்தில் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: இது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) கொண்ட ரகம், அதனால் இதன் மகரந்தம் மற்ற மரங்களுக்கு உதவாது. அதே சமயத்தில் பூக்கும் வேறு இரண்டு ரகங்கள் அருகில் இருப்பது நல்லது; இதுவும் காய்க்கும், அவையும் ஒன்றுக்கொன்று உதவிக் காய்க்கும்.

சரி, நம் வீட்டுச் சமையலுக்கு? மாங்காய் கிடைக்காத ஊரில் எனக்கு இதுதான் மாங்காய். துருவி, நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடி போட்டுச் சுருள வதக்கினால் அருமையான தொக்கு. துண்டு ஊறுகாய் வேண்டுமென்றால் மட்டும் அடுப்பில் ஏற்றாதீர்கள். தாளித்த எண்ணெயை நன்றாக ஆறவிட்டு மேலே ஊற்றுங்கள்.