டவுன் பழைய வீடுகள்: கடை வைக்கும் முன்னும் இடிக்கும் முன்னும் – கேள்வி பதில்

திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலும், அவற்றிலிருந்து பிரியும் முடுக்குகளிலும் (குறுகிய சந்துகள்) வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையாகவும் குடோனாகவும் மாறி வருகின்றன. அதையொட்டி டவுன்காரர்கள் கேட்ட கேள்விகளும், பழைய கட்டடங்களும் மனைப் பத்திரங்களும் அறிந்த அண்ணாச்சி தந்த பதில்களும்.

அண்ணாச்சி, தார்சாவின் (வீட்டின் முன்கூடம்) முன்சுவரை எடுத்துவிட்டுப் பத்தடி ஷட்டர் வைக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். செய்யலாமா? (வாகையடி முக்கு)

முதலில் தார்சாவில் நின்று அண்ணாந்து பாருங்கள். மரக்கட்டைகள் தெருவிலிருந்து வீட்டுக்குள் போகும் வாக்கில் ஓடினால், அவற்றின் ஒரு முனை அந்த முன்சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. மட்டப்பாவின் (மொட்டைமாடித் தளம்) பாரத்தில் பாதி அதன் தலையில். கட்டைகள் தெருவுக்கு இணையாக ஓடினால் பாரம் குறைவு. ஆனாலும் கைப்பிடிச் சுவரின் எடை உண்டு.

எப்படியிருந்தாலும் வரிசை இதுதான். உள்பக்கம் கட்டைகளுக்கு அடியில் பலகை கொடுத்து முட்டு நிறுத்துங்கள். சுவரின் கனத்தில் உள்பாதியை மட்டும் காடி (நீளப் பள்ளம்) வெட்டி ஒரு இரும்பு ஐ-பீமை ஏற்றுங்கள். மேலே உள்ள இடைவெளியைக் கெட்டிக் கலவையால் இறுக்கி அடைத்து, அது இறுகிய பிறகு வெளிப்பாதியில் இரண்டாவது பீம். இரண்டு முனையிலும் கான்கிரீட் படுக்கை போட்டு, அதன்மேல் குறைந்தது 9 அங்குலம் பீம் உட்கார வேண்டும். கீழே உள்ள சுவரை அதற்குப் பிறகுதான் உடைக்க வேண்டும். நிறுத்திய முட்டுகளை ஒரு வாரம் எடுக்காதீர்கள். பீமின் அளவைக் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும், கொத்தனாரின் கண்ணளவு போதாது.

ஷட்டரைப் பொதுச்சுவர் (பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவர்) வரை இழுத்துவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தப்பு. இரண்டு ஓரத்திலும் இரண்டரை அடிச் சுவரையாவது விடுங்கள். விடாவிட்டால் திறப்பின் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஏறும், பக்கத்து வீட்டுக் கதவும் பிடிக்க ஆரம்பிக்கும்.

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே மின் இணைப்பு. அப்படியே விடலாமா? (தெற்கு ரத வீதி)

விடக்கூடாது. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்துவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அனுமதியற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். வாடகைக்கு விட்டவர் பெயரில் இணைப்பு இருந்தால் நோட்டீஸ் அவருக்கும் வரலாம். கடைக்குத் தனி மீட்டர் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.

ரோட்டை உயர்த்திப் போட்டபின் வீட்டுச் சுவரில் இடுப்பளவு ஈரம். இரண்டு தடவை சிமெண்ட் பூசியும் பொரிந்து விழுகிறது. (அம்மன் சன்னதி பக்கத்து முடுக்கு)

அக்கா, சிமெண்ட்தான் நோயைப் பெரிதாக்குகிறது. செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பூச்சு வழியே அதை வெளியே விட்டுக் காயும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி வெளியேறப் பார்க்கும், கூடவே வரும் உப்பு பூச்சைத் தள்ளிவிடும். முதலில் முழங்காலளவு இருந்த ஈரம் இடுப்புக்கு வந்தது அதனால்தான். மூன்றாம் தடவை பூசினால் நெஞ்சுக்கு வரும்.

ஈரத்தடத்துக்கு ஒரு அடி மேல்வரை சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுங்கள். இணைப்புகளில் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, உப்பைத் தண்ணீர் விடாமல் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி வெளியே கொட்டுங்கள். சித்திரை, வைகாசியில் தொடங்கினால் இரண்டு மாதம் சுவரைத் திறந்தே காயவிடலாம். பிறகு, நீற்றித் தண்ணீருக்குள் இரண்டு வாரமாவது கிடந்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. முதல் பூச்சு அரை அங்குலம், இரண்டு வாரம் கழித்து மெல்லிய இரண்டாம் பூச்சு. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஈரச்சாக்கு கட்டிக் காப்பாற்ற வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

இது பாதி வேலை. அங்கணத்து (பாத்திரம் கழுவும் இடம்) தண்ணீர் வெளியேறும் குழாய் இப்போது தெருவோடைக்குக் கீழே போயிருக்கும். மழையில் ஓடைத் தண்ணீர் திரும்பி உள்ளே வந்து அடித்தளத்தை நனைக்கும். வாசலுக்கு உள்பக்கம் சிறு தொட்டி கட்டி, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். வீட்டுத் தரையைக் கான்கிரீட் கொட்டி உயர்த்த வேண்டாம். தரைவழி காய்ந்த ஈரமும் சுவருக்குத்தான் திரும்பும்.

மட்டப்பா ஒழுகுகிறது. மேலே மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டால்? (மேல ரத வீதி)

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கே சுமார் இரண்டு டன் கூடுதல் பாரம். தேக்குக் கட்டைகள் அதற்காக வைக்கப்பட்டவை அல்ல. கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் முனை உளுத்திருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும். கட்டை நன்றாயிருந்தால், பெயர்ந்த தட்டோட்டை மட்டும் எடுத்து, சுண்ணாம்புக் கலவையில் புது ஓடு பதித்து, வாட்டம் சரிசெய்தால் போதும். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை மட்டப்பாவின் நடுவில் வைக்காமல், சுவரின் மேலே குறுக்கு பீம் போட்டு வையுங்கள்.

வளவில் (ஒரே வளாகத்துக்குள் உள்ள வாடகை வீடுகள்) 30 வருடமாக இருக்கிறோம். எழுத்தில் எதுவும் இல்லை. இடித்துக் கடை கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்கிறார்கள்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியது. ஒப்பந்தம் போடாததே வெளியேற்றக் காரணங்களில் ஒன்று. பலருக்கு இது தெரியாமல், பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காக்கும் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனாலும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். வாடகையை இன்றிலிருந்து வங்கி வழியாகக் கொடுங்கள், கையில் கொடுத்தால் ரசீது கேளுங்கள். பாக்கி விழுந்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

வீடு எங்களுடையது, அடிமனை கோயிலுடையது. விற்கலாமா?

மனையை விற்க உங்களுக்கு உரிமை இல்லை. மனை கோயில் பெயரில் இருந்தால் சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்கமாட்டார். கோயில் சொத்தை 5 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவே, அறநிலையச் சட்டம் பிரிவு 34-ன்படி அறநிலையத் துறை ஆணையரின் முன்அனுமதி வேண்டும். பிறர் மனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கான நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மனையை விலைக்குக் கேட்கும் வழியும் 1996 திருத்தத்துக்குப்பின் கோயில் மனைகளுக்கு இல்லை. கோயில் மனைக்கான நியாய வாடகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்தப்படும். தொகை அதிகமென்று தோன்றினால் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கம் மட்டும் பார்த்தால் போதாது. டவுன் சர்வே நகலில் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள். எங்கள் பக்கம் என்ன கவனிக்க வேண்டும், அண்ணாச்சி? (சுவாமி சன்னதித் தெரு)

பொதுச்சுவர் என்றால் இரண்டு வீட்டுக் கட்டைகளும் அதே சுவரில்தான் செருகியிருக்கும். அவர்கள் கட்டையை உருவும்போது ஜேசிபி வேண்டாம், ஆள்வைத்து அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். உருவிய பொந்துகளை அன்றைக்கே செங்கல் வைத்து அடைக்க வேண்டும். புதுக் கட்டடத்தின் தூணுக்குக் குழி வெட்டுகையில், உங்கள் அடித்தளத்தை ஒட்டி நீளமாக ஒரே வாய்க்கால் எடுத்தால் சுவர் சரியும். ஒன்று விட்டு ஒன்றாகக் குழியெடுத்து, கான்கிரீட் போட்டு மூடிய பிறகு அடுத்தது. வேலை தொடங்கும் முன்னே உங்கள் சுவர்களைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, இருக்கிற விரிசல்களின் நுனியில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால் வேலையை நிறுத்தச் சொல்லி அன்றே எழுதிக் கொடுங்கள்.