20 ஆண்டும் 14 ஆண்டும்

கேள்வி: கொலைக் கைதி 14 வருஷத்தில் பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கைதிக்கு 20 வருஷமாமே, இது நியாயமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த 14 கணக்கே தப்பு. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். 14 ஆண்டு முடிந்தால் தண்டனைக் குறைப்பைப் பரிசீலிக்கலாம், விடுதலை உரிமையல்ல. 20 ஆண்டு விஷயம் வேறு. சாதாரணத் திருட்டுக்கு முதல்முறை 3 ஆண்டு வரை, அது உச்சவரம்பு. போக்சோவில் இருப்பதோ கீழ்வரம்பு. 2019 திருத்தப்படி, 16 வயதுக்குட்பட்ட குழந்தையிடம் பாலியல் வன்புணர்வு நிரூபணமானால் குறைந்தது 20 ஆண்டு. நீதிபதி இரங்கினாலும் குறைக்க முடியாது. குற்றத்தின் கொடூரத்துக்கு இது அதிகமில்லை. சிக்கல் வேறு இடத்தில்: 20 கொடுக்கத் தயங்கும் நீதிபதிக்கு நடுவழி கிடையாது, சாட்சியத்தில் சிறு பிசிறு தெரிந்தாலும் முழு விடுதலைப் பக்கம் சாயலாம்.