எக்ஸ் எவ்வளவுன்னே தெரியாம எக்ஸுக்கும் ஒய்க்கும் விகிதம் எப்படி சொல்றது?

கேள்வி: நான் புளியரை சார். வீட்ல இருந்தே குரூப் 4க்கு படிக்கேன். ஒரு கணக்கு: (3எக்ஸ் + 2ஒய்) : (2எக்ஸ் − ஒய்) = 5 : 2 எனில் எக்ஸ் : ஒய் என்ன? சமன்பாடு ஒண்ணுதான் இருக்கு, தெரியாதது ரெண்டு இருக்கு, இத எப்படி போட? விகிதத்துக்குன்னே தனியா ஷார்ட்கட் கிளாஸ் இருக்கு, 4,500 ரூவா கட்டுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. சேரலாமா?

பதில்: மொதல்ல அந்த 4,500ஐ பத்திரமா வைங்கம்மா. கணக்கு இப்பவே முடிஞ்சிரும்.

நீங்க சொல்றது சரிதான், ஒரு சமன்பாட்ட வச்சு ரெண்டு பேர் மதிப்பையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனா கேள்வில மதிப்ப யாரு கேட்டா? விகிதத்தத்தான கேட்டிருக்கு. ஆரியங்காவு பக்கம் மலையாள மீடியத்துல படிச்ச பையன் ஒருத்தன் எங்கிட்ட டியூஷன் வந்தான், அவன் விகிதத்த அம்சபந்தம்னுதான் சொல்லுவான், அவுக பாஷைல அதுதான் பேரு. எனக்கு அந்த வார்த்தை ரொம்ப புடிச்சு போச்சு. ரெண்டு பேர் பாக்கெட்ல எவ்வளவு இருக்குன்னு தெரிய வேண்டாம், ரெண்டுக்கும் நடுவுல உள்ள பந்தம் தெரிஞ்சா போதும்.

இப்ப குறுக்க பெருக்குங்க. 2 × (3எக்ஸ் + 2ஒய்) = 5 × (2எக்ஸ் − ஒய்). விரிச்சா 6எக்ஸ் + 4ஒய் = 10எக்ஸ் − 5ஒய். எக்ஸ் எல்லாத்தையும் ஒரு பக்கம், ஒய் எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளுங்க, 4எக்ஸ் = 9ஒய் வந்துரும்.

இங்கதான் பாதி பேரு விழுறாங்க. 4எக்ஸ் = 9ஒய்னு பாத்த ஒடனே கை தானா 4 : 9னு ஷேட் பண்ணிரும், கேள்வி எடுக்கிறவங்களுக்கும் அது தெரியும், அதனால 4 : 9ங்கிறது ஆப்ஷன்ல கண்டிப்பா இருக்கும்னு வச்சுக்கோங்க. நம்ம பிரானூர் பார்டர் பரோட்டா கடைக்கே வாங்க. 8 பரோட்டா விலையும் 1 பிளேட் கோழி விலையும் ஒண்ணுன்னு வைங்க. அப்போ பரோட்டா விலைக்கும் கோழி விலைக்கும் விகிதம் 8 : 1ஆ? அப்படின்னா பரோட்டா கோழிய விட எட்டு மடங்கு விலைன்னு ஆயிரும், கடைக்காரரே சிரிச்சிருவாரு. 1 : 8தான் சரி. எதுக்கு முன்னால பெரிய நம்பர் நிக்குதோ அது சின்னது. அதே மாதிரி 4எக்ஸ் = 9ஒய்னா எக்ஸ் : ஒய் = 9 : 4.

சந்தேகமா இருந்தா எக்ஸுக்கு 9, ஒய்க்கு 4 போட்டு பாருங்க. 27 + 8 = 35, 18 − 4 = 14, 35க்கு 14 அப்படின்னா 5 : 2 தான. சரியா வந்துருச்சா? 4 : 9 போட்டா கீழ 8 − 9 = −1 வரும், அப்பவே தெரிஞ்சிரும். அவன் 4,500க்கு விக்கிற ஷார்ட்கட் பெரும்பாலும் இந்த போட்டு பாக்குறதுதான். நான் சும்மா விளையாட்டுக்கு சொல்லல, ஒரு காலத்துல நானே ஒரு கோச்சிங் சென்டர்ல பாடம் எடுத்தவன், ஒரு ஆள் சேத்து விட்டா இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறவங்க வாசல்லயே நிப்பாங்க, பிள்ளைகளுக்கு ஏன் எதுக்குன்னு சொல்லித்தராதீங்க, டிரிக்க மட்டும் சொல்லுங்கன்னு எங்ககிட்ட சொல்லுவாங்க, புரிஞ்சிட்டா அடுத்த பேட்ச்சுக்கு தம்பி தங்கச்சிய கூட்டிட்டு வர மாட்டாங்கல்ல. அப்புறம் கிளாஸோட சேத்து "உள்ள ஆள் இருக்கு"ன்னு ஒருத்தன் பேச ஆரம்பிச்சா அந்த நிமிஷமே எந்திரிச்சு வந்துருங்க. 2019 குரூப் 4ல ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர்ல நடந்த முறைகேட்டு கூத்துல 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டாங்க, மறந்துராதீங்க.

நம்ம சிஸ்டத்தையும் சொல்லணும். விகிதம் ஆறாங்கிளாஸ் புக்குல இருக்கு, ரெண்டு மாறி வர்ற சமன்பாடு ஒம்போதாங்கிளாஸ்ல. ரெண்டையும் சேத்து உக்காந்து சொல்லித்தர ஒரு பீரியட் கிடையாது, ஆனா பரீட்சைல மட்டும் சேத்து கேப்பாங்க. அந்த சந்துலதான் இவன் கடை போட்டிருக்கான். 200 கேள்வில இந்த கணக்கு பகுதி மொத்தமே 25, அதுல விகிதம் வந்தா ஒண்ணு ரெண்டு, ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க். அதுக்கா 4,500?

சமன்பாட்டுல தனியா ஒரு நம்பர் நின்னா, உதாரணமா 3எக்ஸ் + 2ஒய் = 12, இந்த வழி ஓடாது, இன்னொரு சமன்பாடு வேணும். அத விடுங்க. நெறைய பேரு மாட்டுறது வர்க்கம் வர்ற கணக்குல. 2எக்ஸ்² − 7எக்ஸ்ஒய் + 6ஒய்² = 0 எனில் எக்ஸ் : ஒய் என்ன? தனி நம்பர் எதுவும் இல்ல, ஒவ்வொரு உறுப்புலயும் எக்ஸோ ஒய்யோ சேந்து ரெண்டு எழுத்து இருக்கு, அதனால விகிதம் வரும். காரணிப்படுத்தினா (2எக்ஸ் − 3ஒய்)(எக்ஸ் − 2ஒய்) = 0. ஒண்ணு 2எக்ஸ் = 3ஒய், இல்லாட்டி எக்ஸ் = 2ஒய். பரோட்டா கணக்கு மாதிரி திருப்பினா 3 : 2, இன்னொண்ணு 2 : 1. ரெண்டுமே சரி! 3, 2 போட்டு பாருங்க, 18 − 42 + 24 = 0. 2, 1 போட்டா 8 − 14 + 6 = 0. இப்ப ஆப்ஷன் ஏல 3 : 2, பீல 2 : 1, சீல "இரண்டும்"னு குடுத்திருந்தா, போட்டு பாக்குற டிரிக்க மட்டும் கத்துக்கிட்டவன் ஏ சரியா வந்த ஒடனே அத ஷேட் பண்ணிட்டு அடுத்த கேள்விக்கு போயிருவான். சரியான விடை சீ. போன வருஷம் எங்கிட்ட படிச்ச பொண்ணு மாதிரி தேர்வுல இப்படித்தான் விட்டுட்டு வந்து அழுதா. அதனால வர்க்கத்த பாத்தா மட்டும் கடைசி ஆப்ஷன் வரைக்கும் போட்டு பாருங்க, இல்லாட்டி காரணிப்படுத்துங்க.

இப்ப நீங்களா ஒண்ணு போடுங்கம்மா: (5எக்ஸ் − 2ஒய்) : (எக்ஸ் + 4ஒய்) = 2 : 3. 14 : 13 வந்தா சரி. 13 : 14 வந்தா மறுபடியும் பரோட்டா கடைக்கு போங்க.