கடைசி டிம்மர்கள் மட்டும் மினுங்குவது ஏன்?

கேள்வி: மண்டபத்தில் 12 டிம்மர்களை (விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள்) கணினியில் இருந்து டிஎம்எக்ஸ் 512 (மேடை விளக்குகளுக்கான டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) மூலம் இயக்குகிறோம். கடைசி நான்கும் தாமாகவே மினுங்குகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முதலில் வயரைப் பாருங்கள். மைக் வயர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். 120 ஓம் டேட்டா கேபிள்தான் வேண்டும். அது ஒரு டிம்மரில் இருந்து அடுத்ததற்குத் தொடராகப் போகவேண்டும், நடுவில் கிளை பிரிக்கவே கூடாது. கடைசி டிம்மரின் அவுட் சொக்கற்றில் 2ஆம், 3ஆம் பின்களுக்கிடையே 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அது இல்லாவிட்டால் சிக்னல் நுனியில் பட்டுத் திரும்பிவந்து, பின்னால் வரும் பிட்டுகளைக் குழப்பும்.

பிறகும் மினுங்கினால் சிக்னலை அனுப்பும் கணினிப் புரோகிராமைப் பாருங்கள்: 250,000 போட் (செக்கனுக்கு 250,000 பிட்), 8 டேட்டா பிட், பரிட்டி (பிழை பார்க்கும் பிட்) இல்லை, 2 ஸ்டொப் பிட் (பைட்டின் முடிவைக் காட்டுபவை). ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (ஒரு தடவை அனுப்பும் முழு டேட்டாத் தொகுதி) முன் லைனைக் குறைந்தது 92 மைக்ரோசெக்கன் லோவில் வைத்து, முதல் பைட்டாக 0 அனுப்பவேண்டும். வெளிச்சம் மாறாவிட்டாலும் அனுப்புவதை நிறுத்தாதீர்கள்; ஒரு செக்கனுக்கு மேல் இடைவெளி விட்டால் சிக்னல் அறுந்ததாகவே டிம்மர் எடுத்துக்கொள்ளும்.